பதினான்கு கதவுகள்: குளிர்காலத் தனிமையும் ஒரு பகுதிநேர வேலையும் – நிகழ்வு ஆய்வு

முதல் சந்திப்பு நவம்பர் முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை நடந்தது. வரவேற்பு மேசையில் தம் பெயரைச் சொல்ல வாயெடுத்தவருக்குக் குரல் எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாம் முறைதான் சொன்னார். சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "இல்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு இப்போதுதான் வாய் திறக்கிறேன்" என்றார். அன்று என் குறிப்பேட்டில் எழுதிய முதல் வரி அதுதான். வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து திங்கள் காலை ஒன்பது மணிவரை 63 மணி நேரம். பேசப் பிடிக்காதவர் அல்லர் அவர். பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண்மணி தம் குளிர்காலத் தனிமையைத் தணிக்கப் பகுதிநேர வேலை தேடிய ஐந்து மாதங்களையும், அதன்பின் ஓராண்டு நிறையும்வரை நடந்தவற்றையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நான் சமூக நலப் பணியில் வேலைவாய்ப்பு ஆலோசகராக இருக்கிறேன். அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். யாரும் அவரை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதை மூடி மறைத்தால் இதைப் படிப்பவர்களுக்குப் பயன் குறைந்துவிடும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பின்னணி

வயது 57. தனியாக வாழ்கிறார். மகன் வேலைக்காக வேறு நாட்டுக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுகிறார். சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் வேலையை வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்கிறார். ரசீதுகள் மின்னஞ்சலில் வரும். கணக்கும் மின்னஞ்சலிலேயே போகும். வருமானம் போதுமானது. ஆகவே, சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய நிலையில் அவர் இருந்தார். எல்லாருக்கும் அந்த வசதி வாய்ப்பதில்லை என்பதை இந்த நிகழ்வைப் படிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

கோடையில் அவருக்குத் தனிமை இல்லை. குடியிருப்புக்கு அருகில், சிறுசிறு பாத்திகளாகப் பிரித்துப் பலருக்கும் கொடுக்கப்பட்ட ஒரு பொதுத் தோட்டம் இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு அங்கே போய்விடுவார். சுற்றியிருந்த பாத்திகளில் வேலை செய்த ஆறு பேரோடு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். களை பிடுங்கிக்கொண்டே பேசுவார்கள், குழாயடியில் வாளி நிறையும்வரை நின்று பேசுவார்கள். அக்டோபரில் குழாய்கள் உறைந்து வெடிக்காதபடி தண்ணீரை நிறுத்தி, வாசலைப் பூட்டிவிடுவார்கள். அதோடு பேச்சும் நின்றுவிடும். அந்த ஆறு பேரில் ஒருவருடைய தொலைபேசி எண்கூட அவரிடம் இல்லை. தோட்டம் இருந்தவரை அது தேவைப்படவில்லை.

வேலை தேடுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவரை மருத்துவரிடம் அனுப்பினேன். குளிர்காலத்தில் சோர்வோடு வரும் எவரிடமும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பருவகால மனச்சோர்வை 1984இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் முதன்முதலாக விரிவாக விவரித்தார்கள். அதிகத் தூக்கம், மாவுப் பண்டங்களின்மேல் அடங்காத ஆசை, எடை கூடுதல், எதிலும் மனம் ஒட்டாமை என்று அதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. அது நோய், வேலை கிடைத்தால் சரியாகிவிடும் என்று ஒத்திப்போடக் கூடாது. உயிர் வாழ்வதில் விருப்பமில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே உதவி தேட வேண்டும். இவருக்கு லேசான பருவச் சோர்வு இருப்பதாகவும், மருந்து தேவைப்படும் அளவுக்கு இல்லை என்றும் மருத்துவர் சொன்னார். காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளிதரும் விளக்கின் முன் உட்காரச் சொன்னார். பகல் வெளிச்சத்தில் நடக்கவும் சொன்னார். விளக்கின் முன் தவறாமல் உட்கார்ந்தார். நடக்கத்தான் போகவில்லை. "எங்கே போவதென்று தெரியாமல் எப்படி நடப்பது?" என்று அவர் கேட்டபோது அதைச் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொண்டேன். வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான பதிலில் பாதி அந்தக் கேள்வியிலேயே இருந்தது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தனிமையை அளக்க மூன்றே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். துணை இல்லையென்று எத்தனை முறை தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எத்தனை முறை தோன்றுகிறது, பிறரிடமிருந்து விலகிப்போனதாக எத்தனை முறை தோன்றுகிறது என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் 3 என்றால் தனிமையே இல்லை, 9 என்றால் மிகக் கடுமை. நவம்பரில் இவருக்கு 8.

எந்த வகைத் தனிமை என்பதும் முக்கியம். 1973இல் ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். உயிருக்கு நெருக்கமான ஒருவர் இல்லாமல் போவதால் வருவது ஒன்று. தன்னைச் சுற்றி அறிந்தவர் கூட்டம் இல்லாமல் போவதால் வருவது மற்றொன்று. கணவனையோ மனைவியையோ இழந்தவரிடம் ஒரு வேலையைக் கொடுத்து முதல் வகையைத் தீர்க்கப் பார்ப்பது வீண். சில சமயம் கொடுமையும்கூட. இவருடையது இரண்டாம் வகை. ஆகவே வேலை உதவும் என்று நம்பினேன். அதுவரை நான் நினைத்தது சரி.

முதல் வேலை: என் தவறு

நாங்கள் தேடத் தொடங்கியது பண்டிகைக் காலத்துக்குச் சற்று முன்பு. கடைகள் எல்லாம் தற்காலிக ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தன. ஆட்களோடு பழகும் வேலை வேண்டும், உடனே வேண்டும் என்பதே என் கணக்காக இருந்தது. பெரிய கடை ஒன்றில் பில் போடும் இடத்தில் வாரம் 20 மணி நேர வேலை கிடைத்தது. ஒரு நாளில் முந்நூறு பேரையாவது பார்ப்பார், இதைவிடப் பழகும் வேலை வேறு என்ன இருக்கிறது என்று நான் அவரிடமே சொன்னேன்.

மூன்றாம் வாரம் வந்தார். முகம் முன்னைவிட வாடியிருந்தது. நாள்தோறும் எழுதச் சொல்லியிருந்த குறிப்பில் அன்றைய பக்கத்தில் ஒரே வரி: "312 பேர். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை." எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இயந்திரம் அவருக்குக் காட்டிவிடும், நிமிர்ந்து பார்த்தவர்களை அவரே எண்ணியிருக்கிறார்.

இதைப் படித்ததும், தனிமையை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காசியோப்போவின் ஆய்வுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. நெடுநாள் தனிமையில் இருப்பவருடைய மனம், பிறர் தன்னை ஒதுக்குவதற்கான அறிகுறிகளை ஓயாமல் தேடிக்கொண்டிருக்கும் என்று அவர் காட்டினார். வரிசையில் நிற்பவர் தம் அவசரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். தனிமையில் இருப்பவர் அதைத் தமக்கான புறக்கணிப்பாக எடுத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு முந்நூறு முறை அப்படி நேர்ந்தால் என்னவாகும் என்பதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அறிமுகமில்லாதவரோடு பேசும் இரண்டொரு சொல்லால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. கடைக்காரரோடு சிரித்துப் பேசிவிட்டுப் போகிறவர்களின் மனநிலை சற்று மேம்படுகிறது என்று 2014இல் வெளியான சாண்ட்ஸ்ட்ராம், டன் இருவரின் ஆய்வு காட்டியது. ஆனால் அந்த ஆய்வு பார்த்தது வாடிக்கையாளரின் மனநிலையை. பேசலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையும் அவரிடமே இருந்தது. நிமிடத்துக்கு எத்தனை பொருள் என்று இயந்திரம் கணக்கெடுத்துக்கொண்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் நிலை முற்றிலும் வேறு.

மற்றக் குறைகளும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. உடன் வேலை செய்பவர்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறினார்கள். இடைவேளைக்கு ஒவ்வொருவராகத்தான் விடுவார்கள். ஓய்வறையில் அவர் தனியாகத்தான் சாப்பிட்டார். வேலை பிற்பகல் இரண்டு முதல் ஏழு வரை என்பதால், உள்ளே போகும்போது இருந்த கொஞ்ச வெளிச்சமும் வெளியே வரும்போது போயிருக்கும். நடுவில் இருந்த நேரம் முழுவதும் சன்னல் இல்லாத கூடத்தில் கழிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனவரி முதல் வாரத்தில் ஒப்பந்தம் முடிந்தது. பண்டிகை ஓய்ந்து, தெருவிளக்கு அலங்காரங்களைக் கழற்றிவிட்டு, ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் நேரம் அது. குளிர்காலத் தனிமையில் மிகக் கடினமான ஆறு வாரங்கள் அப்போதுதான் தொடங்கும். தற்காலிகப் பண்டிகை வேலை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கையை விட்டுவிடுகிறது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிடங்கு

ஜனவரியில் அவர் என்னிடம் கேட்காமலே பொட்டலம் கட்டும் கிடங்கு ஒன்றில் சேர்ந்து ஒன்பது நாள் வேலை செய்தார். நாளுக்குப் பன்னிரண்டாயிரம் காலடிகள் நடந்தார். இரவில் நன்றாகத் தூங்கினார். அக்டோபருக்குப் பிறகு இரவில் விழிக்காமல் தூங்கியது அப்போதுதான் என்று எழுதியிருக்கிறார். ஆனால் இரைச்சலுக்காக எல்லாரும் காதடைப்பான் அணிந்திருந்தார்கள். பேச்சே இல்லை. பத்தாம் நாள் போகவில்லை.

தோட்டத்திலிருந்து தொடங்கியது

ஜனவரிக் கடைசியில் நடந்த சந்திப்பில் விளம்பரங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, தோட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். முதல் சந்திப்பிலேயே நான் கேட்டிருக்க வேண்டியது அது. கோடையில் அவருக்குத் தானாகவே வாய்த்திருந்த ஒன்றைப் பார்க்காமல், குளிர்காலத்துக்குப் புதிதாக ஏதோ கண்டுபிடிக்கப் பார்த்தேன்.

அவர் சொன்னதிலிருந்து எனக்குப் பட்டவை இவை. தோட்டத்துக்கு யாரும் நட்புத் தேடி வரவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தார்கள். தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும் என்பதால், மனம் சரியில்லாத நாளிலும் வந்தே ஆக வேண்டியிருந்தது. வந்தவர்கள் நாள்தோறும் அதே ஆறு பேர். கைக்கு வேலை இருந்தது. கண்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதனால் பேச்சு நின்றாலும் யாருக்கும் சங்கடம் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது மௌனம் கனக்கும். பக்கத்தில் பக்கத்தில் குனிந்து வேலை செய்யும்போது மௌனமும் பேச்சின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இவற்றில் பலவும் பழைய ஆய்வுகளில் பதிவானவையே. 1950இல் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் ஆகிய மூவரும் மாணவர் குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகளின்படி, யார் யாரோடு நண்பரானார்கள் என்பதை நிர்ணயித்ததில் குணப் பொருத்தத்தைவிட வீட்டின் இருப்பிடத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. மாடிப்படிக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு, போவோர் வருவோரை அடிக்கடி காண நேர்ந்ததாலேயே நண்பர்கள் கூடினார்கள். அதற்கும் முன்பு, 1930களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவின் மரியென்தால் என்ற சிற்றூரில் ஆலை மூடப்பட்டபோது, சமூக உளவியலாளர் மரீ யஹோடாவும் உடன் பணியாற்றியவர்களும் அந்த ஊரை ஆராய்ந்தார்கள். வேலை போனவர்களுக்கு நேரம் ஏராளமாக இருந்தது; ஆனால் நூலகத்தில் எடுத்த புத்தகங்கள் குறைந்தன, தெருவில் ஆண்களின் நடை தளர்ந்தது, காரணமில்லாமல் அடிக்கடி நின்றார்கள். வேலை கூலியை மட்டும் கொடுப்பதில்லை, நாளுக்கு ஒரு வடிவத்தையும் குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பையும் கூட்டாக ஒன்றைச் செய்யும் நோக்கத்தையும் சமூகத்தில் ஓர் இடத்தையும் விட முடியாத செயல்பாட்டையும் கொடுக்கிறது என்று யஹோடா பின்னர் எழுதினார். இவருடைய கணக்கு வேலை கூலியைக் கொடுத்தது, நாளுக்கு ஓரளவு வடிவத்தைக் கொடுத்தது. மற்றவற்றைக் கோடையில் தோட்டம் கொடுத்தது.

அதன் பிறகு விளம்பரங்களை வேறு கண்ணோடு படித்தோம். எத்தனை பேரைச் சந்திப்பேன் என்று கேட்பதை விட்டுவிட்டு, அதே ஆட்களை மீண்டும் சந்திப்பேனா என்று கேட்கத் தொடங்கினோம். நேர்காணலில் இதை நேரடியாகக் கேட்டால் எல்லாரும் "நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி" என்பார்கள், அதனால் பயனில்லை. கடந்த மாதத்துப் பணிப்பட்டியலைப் பார்க்கலாமா என்று கேட்கச் சொன்னேன். அதில் அதே பெயர்கள் அதே நாட்களில் திரும்பத் திரும்ப வந்தால் அது உண்மை. இடைவேளை எல்லாருக்கும் ஒன்றாகவா, மாற்றி மாற்றியா என்பது இரண்டாவது கேள்வி. மிகச் சின்னக் கேள்விதான், ஆனால் அதற்கு வரும் பதிலில் அந்த இடத்தின் குணமே தெரிந்துவிடும். வேலை பகல் வெளிச்சத்தைத் தின்றுவிடுமா, மார்ச் வரை நீடிக்குமா, கை ஓடும்போது வாய் பேச முடியுமா, நான் வராவிட்டால் யாராவது கவனிப்பார்களா என்பவையும் எங்கள் தாளில் இருந்தன.

இந்தக் கேள்விகளைக் கொண்டு பார்த்தபோது பல வேலைகளின் நிறம் மாறியது. தபால் பட்டுவாடாவில் நடையும் வெளிச்சமும் உண்டு, துணை இல்லை. நாய்களை நடத்திச் செல்லும் வேலையும் பெரும்பாலும் அப்படித்தான். வரவேற்பறை வேலையில் ஆட்கள் உண்டு, உடல் அசைவு இல்லை. நீச்சல் குளத்திலும் நூலகத்திலும் பகுதிநேரமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக வருவோரின் முகங்கள் பழகிவிடும். நல்ல தேர்வுகள்தான், அந்த நேரத்தில் அங்கே இடமில்லை. பள்ளி வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் வேலையை நான் மிகவும் விரும்பினேன்: குறைந்த நேரம், காலை வெளிச்சம், நாள்தோறும் அதே பிள்ளைகள். பனியில் அசையாமல் நிற்க முழங்கால் ஒத்துழைக்காது என்று அவர் சொல்லிவிட்டார்.

எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதிலும் என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். முதலில் வாரம் 20 மணி நேரம் என்று போனது அதிகம். 2019இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, சுமார் 70,000 பேரின் விவரங்களைக் கொண்டு, வேலையில்லாதவருக்கு வாரம் 8 மணி நேரம் வரையிலான சம்பள வேலையே மனநலத்தில் தெளிவான பயனைத் தருகிறது என்றும், அதற்கு மேல் நேரம் கூடினால் பயனும் கூடும் என்பதற்குச் சான்று இல்லை என்றும் காட்டியது. இவர் வேலையில்லாதவர் அல்லர் என்பதால் அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் குறைவாகத் தொடங்குவதற்கு அது துணிவு கொடுத்தது.

பதினான்கு கதவுகள்

வேலை கிடைத்தது இணையத்தில் அல்ல. நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுத்தாள் இருந்தது. முதியோருக்கும் வெளியே போக இயலாதவர்களுக்கும் மதிய உணவு சமைத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தொண்டு அமைப்பு, பனிக்காலத்தில் ஆட்கள் நோயில் விழுந்ததால் உதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் அழைக்காமல் நேரில் போகும்படி சொன்னேன். போன அன்றே ஒரு மேலங்கியைக் கொடுத்து டப்பாக்களுக்கு மூடி போடச் சொல்லியிருக்கிறார்கள். திங்கள், புதன், வெள்ளி, காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை. வாரம் 12 மணி நேரம். முதியவர்களின் வீட்டுக்குள் போகும் வேலை என்பதால் காவல்துறைச் சரிபார்ப்பு முடிய இரண்டரை வாரம் ஆனது. அதுவரை சமையலறையில் மட்டும் இருந்தார். அந்தத் தாமதம் நல்லதாகவே போயிற்று. நான்கு பேர் ஒரே நீள மேசையைச் சுற்றி நின்று டப்பாக்களை நிரப்பும் வேலை அது. ஒருவர் ஊற்ற, ஒருவர் மூட, ஒருவர் பெயர் ஒட்ட, ஒருவர் பையில் அடுக்க வேண்டும். பேசாமல் இருந்தாலும் கை ஒன்றோடொன்று பேசியாக வேண்டிய வேலை.

பிப்ரவரி மூன்றாம் வாரத்திலிருந்து விநியோகத்துக்கும் போனார். வழியெங்கும் பனி உறைந்திருந்ததால் தனியாக யாரையும் அனுப்புவதில்லை; இருவர் இருவராக, ஒரு தள்ளுவண்டியோடு, காலணிக்கு அடியில் முள்பட்டை மாட்டிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு ஒதுக்கியது பதினான்கு வீடுகள், ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடை. நண்பகல் நேரம். வீட்டுக்குள் விளக்குப் போட்டாலும் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகமூட்டமான நாளிலும் வெளியே நண்பகலில் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு இருக்கும். மருத்துவர் சொன்ன நடை இப்படித்தான் கைகூடியது. எங்கே போவது என்ற கேள்விக்கு இப்போது பதினான்கு பதில்கள் இருந்தன.

முதல் மாதத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அறிமுகமானவர் ஓரளவு நண்பராக மாற ஏறத்தாழ 50 மணி நேரமாவது சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று 2018இல் ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். வாரம் 12 மணி நேரம் என்றால், எல்லா நேரத்தையும் சேர்த்தாலும் நான்கு வாரங்களுக்கு மேல் ஆகும். வேலையில் சேர்ந்து இருக்கும் நேரத்தைவிட ஓய்வாகச் சேர்ந்து இருக்கும் நேரமே நெருக்கத்தைக் கூட்டுகிறது என்பதும் அவருடைய ஆய்வில் உண்டு. அதனால் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல், பாத்திரம் கழுவி முடித்தவர்களோடு இருபது நிமிடம் தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன். முதல் இரண்டு வாரம் அவருக்கு அது பெரும் பாடாக இருந்தது. கோப்பையைக் கழுவுகிற சாக்கில் குழாயடியிலேயே நின்றிருந்ததாக எழுதியிருக்கிறார்.

மார்ச் முதல் வாரத்தில் ஒன்பதாம் கதவு திறக்கவில்லை. மணியை மூன்று முறை அடித்தும் பதிலில்லை. விதிப்படி அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த முதியவர் முந்தைய இரவே மருத்துவமனைக்குப் போயிருந்தார். நான்கு நாள் கழித்து இறந்துவிட்டார். இந்த வகை வேலையில் இது வரும். அந்தப் பெண்மணியை அனுப்புவதற்கு முன் நான் இதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அடுத்த வேலை நாளில் அவர் போகவில்லை. அலுவலகத்துக்குச் சொல்லவும் இல்லை. மாலை ஐந்து மணிக்கு, அவரோடு தள்ளுவண்டி தள்ளும் பெண் அழைத்திருக்கிறார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லையாம். "இன்று உங்களுக்குப் பதிலாக வந்தவருக்கு வழி தெரியவில்லை. நாலாம் வீட்டு அம்மா உங்களைத்தான் கேட்டார். புதன்கிழமை வருகிறீர்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அன்றைய குறிப்பில் அந்த மூன்று வாக்கியங்களையும் அப்படியே எழுதிவைத்திருக்கிறார். கீழே வேறு எதுவும் இல்லை. தான் இல்லாதது ஓரிடத்தில் தெரிகிறது என்பதை அவர் பல குளிர்காலங்களுக்குப் பிறகு அன்றுதான் கேட்டார். புதன்கிழமை போனார்.

மதிப்பீடு

மார்ச் கடைசியில் தனிமை மதிப்பெண் 8லிருந்து 5 ஆகியிருந்தது. இதை வேலையின் வெற்றி என்று அப்போதே எழுதியிருந்தால் அது அவசரம். பிப்ரவரிக்குப் பிறகு பகல் நீள்கிறது. பருவச் சோர்வு உள்ளவர்கள் அந்த நேரத்தில் எதுவும் செய்யாமலேயே ஓரளவு தேறுவார்கள். ஒளிவிளக்கின் பங்கும் இருக்கலாம். ஆகவே அடுத்த நவம்பர் வரை இந்த ஆய்வை முடிக்காமல் வைத்திருந்தேன்.

ஏப்ரலில் தோட்டம் திறந்ததும் வேலையை விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை, வாரம் இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டார். பாத்தியில் விளைந்ததைச் சமையலறைக்குக் கொண்டுபோனார். தோட்டத்து நண்பர்களில் ஒருவர் அதைப் பார்த்துத் தாமும் வந்து சேர்ந்தார். இந்த முறை தொலைபேசி எண் வாங்கிக்கொண்டார். அக்டோபரில் குழாயை மூடியபோது மீண்டும் மூன்று நாள் ஆனது. இந்த நவம்பரில், போன ஆண்டு வந்த அதே வாரத்தில், மதிப்பெண் மீண்டும் 5. பகல் சுருங்கிக்கொண்டிருக்கும் மாதத்தில் கிடைத்த இந்த எண்ணை மார்ச் மாத எண்ணைவிட அதிகம் நம்புகிறேன்.

சரியாகாதவையும் உண்டு. மாலை நான்கு மணிக்கு இருட்டியதிலிருந்து தூங்கும்வரை உள்ள நேரம் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. முழங்கால் வலி கூடியிருக்கிறது. படிகள் உள்ள மூன்று வீடுகளை வேறு இணைக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். கணக்கு வேலையில் ஒரு வாடிக்கையாளரை விட்டுவிட வேண்டியிருந்தது. கூடுதல் வருமானம் வரியையும் உதவித்தொகையையும் எப்படிப் பாதிக்கும் என்பதை வேலையில் சேர்வதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று கணக்காளரான அவரே இப்போது மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய இடைவெளி. நாலாம் வீட்டு அம்மா ஞாயிறு பிற்பகலில் சீட்டு விளையாட வரும்படி இரண்டு முறை கேட்டுவிட்டார். வேலை நேரத்துக்கு வெளியே பயனாளிகளின் வீட்டுக்குப் போகக் கூடாது என்று அமைப்பின் விதி இருக்கிறது. முதியவர்களின் பாதுகாப்புக்காக ஏற்பட்ட விதி என்பதால் அதை மீறச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த அம்மாவின் மகளுடைய ஒப்புதலையும் இணைத்து, இதற்கு அனுமதி கேட்டு இருவருமாகச் சேர்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். அடுத்த வாரம் நடக்கும் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.